‘கொமியுனிட்டி’ எண்டால் ஆர்?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து எத்தனையோ சேதங்களைச் செய்துவிட்டுப் போயிருக்கின்றன. அத்தனை கப்பல்களும் சேர்ந்து செய்ய முடியாத சேதத்தை ஒற்றைச் சொல் கேள்வி ஒன்றால் எங்கள் அலுவலகத்துக்குச் செய்து முடித்தவர், ஆர் அன்ரி.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ‘ஆர் அன்ரி’ நாங்கள் வைத்தது. யாராவது ஆங்கிலத்தில் ‘கொமியுனிட்டி’ என்றோ ‘குரூப்’ என்றோ ‘பப்ளிக்’ என்றோ சொன்னால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, அதற்கு மேலாகப் பார்த்து, “ஆர்?” என்பார். எங்கள் பக்கத்தில் ‘யார்’ என்பதை அப்படித்தான் சொல்வோம். பதில் கிடைக்கும்வரை அடுத்த வசனத்துக்கு ஆளை நகர விடமாட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்ரிக்கு நாங்கள் சம்பளம் கொடுத்ததே மொழிபெயர்ப்பதற்குத்தான்.

உள்துறைமுக வீதியில், படகுக்கு அடிக்கும் பெயின்ற் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டு உதவியில் ஊர்களுக்குச் சின்னச் சின்னத் திட்டங்கள் செய்கிற சிறிய நிறுவனம். நான் வெளிக்கள இணைப்பாளர். மோகன் சேர் பணிப்பாளர். வெள்ளைக்காரர் யாராவது வந்தால் அவர்கள் சொல்வதைச் சனத்துக்கும், சனம் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பாலையூற்றில் ஒரு பறங்கி அன்ரி இருக்கிறார், போர்த்துக்கீசர் வழிவந்தவர், கப்பல் கொம்பனி ஒன்றில் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர், ஆங்கிலம் வெள்ளைக்காரரை விடத் திறம் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. மிச்சத்தை அவர் சொல்லவில்லை.

வேலையில் சேர்ந்த அன்றே மோகன் சேர் ஒரு தவறு செய்தார். எல்லா இனத்தவரும் எங்களிடம் வேலை செய்கிறார்கள் என்று தலைமையகத்துக்குக் காட்டுகிற ஆசையில், “அன்ரி, நீங்கள் எந்தக் கொமியுனிட்டி?” என்று கேட்டுவிட்டார்.

“எந்த நேரத்தில?” என்றார் அன்ரி.

“இல்லை, பொதுவா…”

“விடியச் சேர்ச்சுக்குப் போகேக்க பறங்கி. சந்தையில மீன்காரனோட சண்டை பிடிக்கேக்க தமிழ். மனிசனோட கோவம் வந்தால் இங்கிலிஸ். அரசாங்கம் பேர்கர் எண்டு சொல்லுது. இப்ப பேர்கர் எண்டு சொன்னால் கடைப் பெடியள் சோஸ் கொண்டு வாறாங்கள் மகன்.”

மோகன் சேர் அந்தக் கேள்வியைப் பிறகு யாரிடமும் கேட்டதை நான் காணவில்லை.

முதல் கூட்டம் கப்பல்துறை என்கிற ஊரில். வீட்டுத்தோட்டத் திட்டம். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் எழுந்து, இந்தக் கிராமத்தவர்கள்தான் எங்கள் ‘டார்கெட் குரூப்’ என்று ஆங்கிலத்தில் அன்பொழுகச் சொன்னார். அன்ரி சனத்தைப் பார்த்துக் கணீரென்று மொழிபெயர்த்தார்:

“இவையள் உங்களைத்தான் குறி வைச்சிருக்கினமாம்.”

இந்த மண்ணில் அந்த வசனத்தைக் கேட்டு ஆறுதலாக உட்கார்ந்திருக்கிற மனிதர் எவரும் இல்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் சத்தமில்லாமல் எழுந்து சைக்கிளை எடுத்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றினார்கள். ஆலோசகர் தக்காளிக் கன்றின் படத்தைத் திரையில் போட்டபோது அதைப் பார்க்க நானும், எங்களை ஏற்றிவந்த வானின் சாரதியும், வெற்றுக் கதிரைகளும்தான் மிச்சம்.

“அன்ரி, என்ன இது?” என்றேன், தலையில் கை வைத்தபடி.

“டார்கெட் எண்டால் குறிதானே மகன். வேற சொல்லுப் பாவிச்சிருக்கலாம் அவர். பிழை என்னில இல்லை.”

அடுத்தது சல்லிக் கடற்கரை. அங்குள்ள பெண்களுக்குக் கருவாடு காயவைக்கிற தட்டிகள் கொடுப்பதாகத் திட்டம். ஆவணத்தில் அவர்கள் ‘வல்னரபிள் விமன்’. நலிவுற்ற பெண்கள், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெண்கள் என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அன்ரி அரை நிமிடம் வானத்தைப் பார்த்துவிட்டு, “ஏலாத பொம்பிளையளுக்கு உதவி செய்ய வந்திருக்கினம்” என்றார்.

கரைவலை இழுத்துவிட்டு வந்து நின்ற ஒருத்தி சேலையை வரிந்து கட்டினாள்.

“ஆருக்கு ஏலாது? எனக்கோ? விடியப்புறம் எழும்பி வலை இழுத்து, மீன் வித்து, மூண்டு பிள்ளையளையும் பள்ளிக்கூடம் அனுப்பிப்போட்டு வந்து நிக்கிறன். அந்தா, அவருக்குத்தான் ஏலாது!”

அவள் கை காட்டிய இடத்தில் மோகன் சேர் மணலில் புதைந்த சப்பாத்தை இழுத்தெடுக்க முடியாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். கரை முழுவதும் சிரித்தது. அன்ரி அந்தப் பெண் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலமாக்கி, எங்களோடு வந்திருந்த வெளிநாட்டு விருந்தினருக்குச் சொன்னார். கை காட்டியதையும் சேர்த்து.

இப்படிப்பட்டவரை ஏன் வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் எங்களை அப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அன்ரி வருகிறார் என்றால் கூட்டத்துக்குச் சனம் வந்தது. கப்பல்துறையில் ஓடிப்போன அதே சனம் அடுத்த முறை அயலூர் உறவினரையும் கூட்டிக்கொண்டு வந்து குந்தியது. அவர் இல்லாமல் நடத்திய ஒரேயொரு கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். என்ன பேசினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும்தான்.

ஆங்கிலத்தோடு அவருக்கிருந்த சண்டை வானுக்குள்ளும் ஓயாது. “உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வைச்சிருக்கிற வெள்ளைக்காரர் எத்தினை வருசமா இஞ்ச கிடக்கிறார்? அவர் எக்ஸ்பட், மரியாதையான வெளிநாட்டுக்காரர். நான் இஞ்சயே பிறந்தனான், நான் லோக்கல். லோக்கல் எண்டு சாமானுக்கெல்லோ சொல்லுறது! லோக்கல் உருளைக்கிழங்கு, லோக்கல் வெங்காயம். நாங்கள் பத்துப் பேர் சந்தியில நிண்டால் மொப், கலகக் கும்பல். அவையள் ஒரு கப்பல் நிறைய வந்து இறங்கினால் ரூறிஸ்ட்.”

“அன்ரி, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வாறீங்களா?”

“ஓம் மகன்,” என்பார். அடுத்த சந்திவரை மூடியிருப்பார்.

இந்த நிலையில்தான் மீன்படகுகள் கட்டுகிற துறையில் அந்தச் சண்டை நடந்தது. கிண்ணியா நியாஸின் படகு திரும்பும்போது அதன் எஞ்சின் விசிறி சல்லிச் சந்திரனின் வலையை அறுத்துவிட்டது. வாய்த்தர்க்கம் கைகலப்பானது. இரண்டு பக்கமும் ஆட்கள் கூடினார்கள். மத்தியானம் சில கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. பின்னேரம் முகநூலில் ‘இரு சமூகங்களுக்கிடையில் மோதல்’ என்று செய்தி வந்துவிட்டது. இரண்டு பக்கத்திலும் ‘சமூகப் பிரச்சினைக்கு’ என்று தனித்தனிக் குழு அமைத்தார்கள். துறையில் நியாஸும் சந்திரனும் முகம் பார்ப்பதை விட்டார்கள்.

ஊருக்கு அது கவலை. மோகன் சேருக்கு அது, மன்னிக்க வேண்டும், திட்டம். எங்கள் அலுவலகத்தின் பணம் அந்த வருடத்தோடு முடிகிறது. உதவி செய்கிற நாடுகள் கையைச் சுருக்கிக்கொண்டு வருகிற காலம். ‘மீனவ சமூகங்களுக்கிடையில் நல்லிணக்கம்’ என்று ஒரு பெரிய முன்மொழிவு எழுதி அனுப்பினார். அது சரிவந்தால் எங்கள் எல்லோருக்கும் இன்னும் சில வருடங்களுக்கு வேலை. என் வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடந்தது. அந்தத் திட்டத்தை நான் மோகன் சேரை விடக் கூடுதலாக நேசித்தேன்.

முடிவெடுக்க, பணம் கொடுக்கிற அமைப்பிலிருந்து எலின் என்கிற பெண் வந்தார். நெட்டையான, அமைதியான, எல்லாவற்றையும் உண்மையாகவே கேட்கிற பெண். துறைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் இரு தரப்பையும் அழைத்தோம். கதிரைகளை இரண்டு பக்கமாகப் போட்டு நடுவில் பாதை விட்டோம்.

“மாப்பிள்ளைப் பக்கம் எது, பொம்பிளைப் பக்கம் எது?” என்றார் அன்ரி.

நான் அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“அன்ரி, கும்பிட்டுக் கேக்கிறன். இண்டைக்கு மட்டும். கொமியுனிட்டி எண்டால் சமூகம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லு. கேள்வி கேக்கக் கூடாது. எங்கட சோறு இதில கிடக்கு. உங்கடையும்தான்.”

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். “ஓம் மகன்,” என்றார். சொன்னபடியே தொடங்கவும் செய்தார்.

எலின் கேட்டார். அன்ரி சொன்னார்: “உங்கள் சமூகம், மற்றச் சமூகத்தைப் பற்றி எவ்வாறு உணர்கிறது?”

இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாங்கள் முதல்நாள் சொல்லிக்கொடுத்திருந்த ஒருவர் எழுந்து, “எங்கள் இரு சமூகங்களுக்கும் இடையில்…” என்று தொடங்கி, மறந்துபோய், பள்ளிக்கூட நாடகத்தில் போல என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்துக் காட்டினேன். “…புரிந்துணர்வின்…” என்றார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

எலின் அதையும் பார்த்துவிட்டார். அவர்களுடைய சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள் என்று அன்ரியிடம் மெதுவாகக் கேட்டார்.

அன்ரியின் மூக்குக் கண்ணாடி கீழே இறங்கியது.

“மன்னிச்சுக்கொள் மகன்,” என்று எனக்குச் சொல்லிவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளை கேக்கிறா, உங்களில ஆருக்குக் கோவம்? கையைத் தூக்குங்கோ.”

சல்லிப் பக்கத்தில் ஒரு கை. சந்திரன்.

“மற்றாக்கள்?”

“நாங்கள் இவரோட சேர்ந்து வந்தனாங்கள்,” என்றார் பின்வரிசையில் ஒருவர். கிண்ணியாப் பக்கத்தில் நியாஸின் கை மட்டும் பாதி தூக்கியபடி நின்றது.

“சரி. சந்திரன், என்ன கோவம்? வலையோ?”

“வலையை விடுங்கோ அன்ரி. அது கடலுக்குள்ள நடக்கிறது. தைச்சுப்போட்டன்.” சந்திரன் எழுந்து நின்றார். “என்ர மூத்தவளுக்குக் கலியாணம் நடந்தது. இவன் வரேல்லை. அவள் குழந்தையா இருக்கேக்க இவன்ர படகிலதான் ஏத்திக்கொண்டு திரிவன். ஊரே வந்தது, இவன் வரேல்லை!”

“கலியாணக் காட் தந்தியாடா நீ?” நியாஸ் பாய்ந்து எழுந்தார். “காட் தராத கலியாணத்துக்கு நான் எப்பிடி வாற?”

“உனக்குக் காட் தரவேணுமோ? என்ர வீட்டுக் குசினிக்குள்ள நிண்டு நீ சட்டியைத் திறந்து பாக்கிறனி, உனக்குக் காட்டோ?”

“நான் வர வெளிக்கிட்டன் மச்சான்! சேட்டும் அயன் பண்ணி வெச்சன். எங்கட ஆக்கள்தான் சொன்னாங்க, இப்ப இது சமூகப் பிரச்சினை, போகாத எண்டு.”

“ஆர்?” என்றார் அன்ரி.

நியாஸ் திரும்பித் தன் பக்கத்துக் கதிரைகளைப் பார்த்தார். அங்கே இருந்த அத்தனை பேரும் மேலே சுழன்ற மின்விசிறியை அதுதான் உலகத்தின் முதல் மின்விசிறி என்பதுபோல ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“சந்திரன், நீர் ஏன் காட் குடுக்கேல்லை?”

“எங்கட பக்கத்திலயும் வேண்டாம் எண்டு சொன்னவை.”

“ஆர்?”

இந்தப் பக்கத்தாரும் மின்விசிறிக்குப் போனார்கள்.

பிறகு அந்த இருவரும் ஒருவரையொருவர் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் போட ஆசிரியர் விடமாட்டார். எலின், என்ன சொல்கிறார்கள் என்று அன்ரியைக் கேட்டார். அன்ரி ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கள் கடற்கரைக் கெட்ட வார்த்தைகளுக்கு இவ்வளவு அழகான, கம்பீரமான ஆங்கிலம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மோகன் சேர் கண்களை மூடிக்கொண்டார்.

திட்டித் தீர்ந்ததும் நியாஸ் மூச்சு வாங்கியபடி, “மருமகன் என்ன வேல?” என்று கேட்டார்.

“பேக்கரி வைச்சிருக்கிறான்.”

“நல்ல பெடியனா?”

“ஓம்.”

நியாஸ் நடுப்பாதையைத் தாண்டிப் போய்ச் சந்திரனுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் தொப்பென்று குந்தினார். அதற்குப் பிறகு கூட்டம் என்று ஒன்று நடக்கவில்லை. ஆளுக்கு ஆள் எழுந்து, தேநீர் வைத்திருந்த மேசைக்குப் போய், நின்ற நின்ற இடத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் நேராக அடுக்கிய கதிரைகளில் ஒன்றுகூட அதன் இடத்தில் இல்லை.

எலின் கேட்டார்: அப்படியானால் இரண்டு கொமியுனிட்டிகளுக்கும் இடையில் மோதல் இல்லையா?

“மோதல் இருக்கு மிஸ்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார் அன்ரி. “இவருக்கும் அவருக்கும் இருந்தது. இப்ப மருமகனைப் பற்றிக் கதைக்கினம்.”

எலின் கொழும்புக்குப் போய் மிக அன்பான ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இங்கே கண்டது தன் மனதைத் தொட்டதாகவும், நல்லிணக்கம் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிற இடத்துக்கு அந்த நிதியை அனுப்பப் பரிந்துரைத்ததாகவும் எழுதியிருந்தார்.

மோகன் சேர் அன்ரியை அறைக்குள் கூப்பிட்டுக் கத்தினார். “என்ன வேலை செய்துபோட்டியள் அன்ரி! இருந்த ஒரு நல்ல பிரச்சினையையும் இல்லாமப் பண்ணிப்போட்டியள்!” சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகு கத்தவில்லை.

ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்ரியைப் பாலையூற்றில் இறக்கிவிட வானில் போகும்போது கொட்டித் தீர்த்தேன்.

“ரெண்டு பேர் தேத்தண்ணி குடிச்சால் எல்லாம் சரியோ அன்ரி? இந்த ஊரில சமூகம் எண்டு சொல்லி எவ்வளவு நடந்தது! எத்தினை வீடு எரிஞ்சது! அதெல்லாம் இல்லை எண்டு சொல்லுறீங்களோ?”

அன்ரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட வீடும் எரிஞ்சது மகன்,” என்றார் பிறகு. “கூட்டமொண்டு வந்தது. பேப்பரில மொப் எண்டு போட்டாங்கள். மொப் வந்தது, மொப் எரிச்சது. எங்கட கதவை உடைச்சவன் என்ர மகனோட படிச்ச பெடியன். எங்கட மேசையில இருந்து சாப்பிட்டவன். நான் பொலிசுக்கு முறைப்பாட்டுக்குப் போய்ப் பேரைச் சொன்னன். எழுதினவர் சொன்னார், ‘அது குரவுட் மிஸ், பேர் தேவையில்லை’ எண்டு. கூட்டம் வந்தது எண்டு எழுதினால் ஒருத்தரும் வரேல்லை எண்டுதான் அர்த்தம் மகன். ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை.”

வான் ஒரு வளைவைத் திரும்பியது.

“பின்வேலியால எங்களைத் தூக்கி எடுத்ததும் ஒரு ஆள்தான். அவரோட இறங்கி வந்த ஆக்களையும் அந்தப் பேப்பர் மொப் எண்டுதான் எழுதினது. அவருக்கும் பேர் இருக்கு.”

பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று என் மூளை தானாகக் கணக்குப் போட்டது. அன்ரி அதைக் கண்டிருப்பார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

இதையெல்லாம் கேட்டு நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அலுவலகம் பூட்டப்பட்டது. மோகன் சேர் கொழும்புக்குப் போனார். நான் மாதக்கணக்கில் வீட்டில் தொட்டில் ஆட்டினேன். “உங்கட அன்ரிக்குச் சொல்லுங்கோ,” என்றாள் மனைவி, “இந்த வீட்டில வேலையில்லாமல் ஒரு ஆள் இருக்கிறார், அவர் ஆர் எண்டும் எனக்கு வடிவாத் தெரியும்.” துறையில் நியாஸும் சந்திரனும் என்னைக் கண்டால் ஆளுக்கொரு மீனைத் தூக்கித் தருவார்கள். மீனை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கட்ட ஏலாது என்று அன்ரிக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

இப்போது வேறொரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். போன கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. மொழிபெயர்க்க ஆள் பார்க்கச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள் சிலர் விண்ணப்பித்திருந்தார்கள். பட்டதாரிகள், பணிவானவர்கள். கொமியுனிட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சமூகம் என்று சொல்லக்கூடியவர்கள். தலைமையகத்துக்கு எந்தத் தலையிடியும் வராது.

அவர்களையெல்லாம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைப் பாலையூற்றுக்குத் திருப்பினேன்.

அன்ரி வாசல் படலைக்குப் பச்சைப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொல்லி, அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். தூரிகையைத் தகரத்துக்குள் போட்டுவிட்டு உள்ளே போய், சேர்ச்சுக்குப் போடுகிற பூப்போட்ட சட்டையோடும் முகத்தில் பவுடரோடும் வந்து பின்னால் ஏறிக்கொண்டார். கையில் பெயின்ற் காயவில்லை. என் சேட்டின் தோளில் ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்தன.

துறைமுக வீதியில் ஏறியதிலிருந்து, கடற்படை மதிலுக்குப் பக்கத்தில் நட்டிருந்த ஆங்கில அறிவிப்புப் பலகை ஒன்றைத் திட்டிக்கொண்டே வந்தார். காற்றில் பாதிதான் கேட்டது.

“மெதுவா ஓடு மகன்,” என்றார் இடையில்.

மெதுவாகத்தான் ஓடினேன். அவ்வளவு கெதியாகப் போய்ச் சேர எனக்கு மனம் வரவில்லை.